ஸ்நோ இல்லாத ஊரில் நாலு டயர்

ஜூன் 22, ஞாயிறு. ட்ருகனினா, அவுஸ்திரேலியா.

இன்று நான் வென்றேன். எழுதி வைக்காவிட்டால் தூக்கம் வராது.

காருக்குக் குளிர்கால டயர்தான் போட வேண்டும் என்று கனடாவிலிருந்து என் கணவரின் அண்ணர் ஓதிக்கொண்டே இருந்தார். அவர் சொன்னால் இந்த வீட்டில் அது சட்டம். இவரும் தேடித்தேடி ஓர்டர் கொடுக்கவே போய்விட்டார். "இஞ்ச ஜூன் மாசக் குளிரில என்ன ஸ்நோவே கொட்டுது? மழையப்பா!" என்று கத்தி, ஈரத் தெருவில் நல்ல பிடிப்புள்ள சாதாரண டயர்களாகப் பார்த்து நாலையும் போன கிழமை மாற்ற வைத்தேன். அதிலிருந்து இவர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இன்று கோவிலிலிருந்து திரும்பும்போது கொட்டும் மழை. நான்தான் ஓட்டினேன். முன்னால் போன லொறி திடீரென்று நின்றது. பிரேக்கை மிதித்தேன். கார் ஒரு சாண்கூட வழுக்காமல் நின்றது. பக்கத்தில் இவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார்.

பின்னேரம் அண்ணர் போனில் அதே பாட்டைத் தொடங்கினார். இவர் என்னை ஒருமுறை பார்த்தார்.

"இல்லை அண்ணை. இவள் சொன்னதுதான் சரி."

கலியாணம் கட்டிய இத்தனை வருசத்தில், அண்ணருக்கு இவர் 'இல்லை' சொல்லி இன்றுதான் கேட்டேன். இனி அந்த டயர்கள் நாளைக்கே தேய்ந்தாலும் பரவாயில்லை.