புகார் சொல்ல வந்த அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை சாத்துக்குடித் தோலைக் குழியில் கொட்டியதும் அந்தப் புளிப்பு வாடை மூக்கில் ஏறியது. மேலே காய்ந்த இலையைப் பரப்பிவிட்டு நிமிர்ந்தேன். உங்களோடு பேச வேண்டும்போல் இருந்தது.

சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் நான் ஜூஸ் கடை போட்ட புதிது. தோலையும் சக்கையையும் ரோட்டோரம் கொட்ட மனமில்லாமல், உரமாக்கலாம் என்று வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டினேன். எல்லாம் அழுகிப் புழு நெளிந்தது. அப்போதுதான் பக்கத்து வீட்டிலிருந்து நீங்கள் முதன்முதலாக என் வாசலுக்கு வந்தீர்கள்.

"இன்னாமா இது? என் வூட்டுக்காரு நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்து பகல்லதான் படுக்கிறாரு. ஜன்னல தொறக்க முடியல. தூங்காத போயி மிஷின்ல கைய வுட்டா யாரு பதில் சொல்றது?"

சாயங்காலமே வீட்டு ஓனர் வந்தார். அவருக்குப் போன் செய்ததும் நீங்கள்தான். "குழிய மூடு, இல்லாட்டி வூட்ட காலி பண்ணு" என்றார். கடைக்குப் பக்கத்தில் வீடு தேடி அலைந்தது நினைவுக்கு வந்து அழுதுவிட்டேன். மதிலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த நீங்கள் உள்ளே வந்தீர்கள்.

"கம்ப்ளைண்ட் பண்ணது நான்தானே சார். நானே சொல்றேன், பொங்கல் வரைக்கும் வுடுங்க. நாத்தம் போகலன்னா நானே மூடிடறேன்."

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று நான் கேட்டதே இல்லை.

நீங்கள் பெருக்கும் கம்பெனி வளாகத்திலிருந்து மறுநாள் ஒரு மூட்டை சருகு கொண்டுவந்தீர்கள். "ரொம்ப ஈரமா கீது, இதப் போட்டுப் பாப்போம்." இருவருக்குமே ஒன்றும் தெரியாது. தோல் ஒரு அடுக்கு, சருகு ஒரு அடுக்கு என்று போட்டோம், அடிக்கடி கிளறினோம். நாற்றம் குறைந்தது. ஒருநாள் குவியலுக்குள் கைவிட்டுச் சட்டென்று இழுத்துக்கொண்டு, "உள்ள ஜுரம் அடிக்குதுமா" என்று சிரித்தீர்கள்.

பொங்கல் போனது. குழியை மூடச் சொல்லி யாரும் வரவில்லை. மாறாக, கறுத்து உதிரியாகிவிட்ட உரத்தைத் தன் தக்காளிச் செடிக்கு ஓனரே கேட்டார். நீங்கள்தான் தடுத்தீர்கள். உரம் பக்குவமாகிவிட்டதா என்று பார்க்க, ஒரு தட்டில் அதைப் பரப்பி வெந்தயம் தூவினோம். பாதிக்கு மேல் முளைக்காமலே அழுகிப்போயிற்று.

"இன்னும் வேலை முடியலமா. இப்ப குடுத்தா செடி வாடிப்பூடும். காத்துகினு இருப்போம்."

அந்தக் காத்திருப்புக்கு நடுவில்தான் நெஞ்சு வலிக்கிறது என்று ஆட்டோவில் போனீர்கள். உயிரோடு திரும்பவில்லை.

காரியம் முடிந்து சில வாரம் கழித்து, தனியாக மறுபடி வெந்தயம் தூவினேன். தட்டு முழுக்கப் பச்சையாக எழுந்தது. அதை உங்கள் வீட்டுக்கு எடுத்துப் போனேன். ஷிப்ட் முடிந்து வந்திருந்த உங்கள் வீட்டுக்காரர் முளைகளை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"நாத்தம் போயி ரொம்ப நாளாச்சுமா. ஆனா உங்க அக்கா தெனமும் ஜன்னல தொறந்து மோந்து பாக்கும். 'இன்னிக்கும் ஒண்ணும் இல்ல, நீ தூங்கு'ன்னு சொல்லும்."

நான் தட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

போன வாரம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த பெண்கள் கீழே இறங்கி வந்தார்கள். போன் கம்பெனியில் இரவு வேலை. கடைக்காக நான் காலையில் இஞ்சி அரைக்கும் மிக்ஸிச் சத்தத்தில் தூங்க முடியவில்லையாம். என் முகம் இறுகியது எனக்கே தெரிந்தது. சண்டைக்குச் சொல் நாக்குவரை வந்துவிட்டது.

கதவை அகலத் திறந்தேன், அக்கா. "உள்ள வாங்கம்மா. எப்ப தூங்குவீங்க, சொல்லுங்க" என்றேன்.