நீர்யானை முதுகில் நீலக் கட்டைகள்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் உங்கம்மாவும் நலம். அந்த நலத்தில் எவ்வளவு உண்மை என்பதைக் கடைசிவரை படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற பெரிய மனிதரும் எப்படி இருக்கிறீர்கள் என்று மறைக்காமல் எழுது.

முதலில் என் மானம் போன கதை, உங்கம்மா போனில் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். பத்துப் பதினோரு நாள் முன்னால், ஒரு வியாழக்கிழமை காலை மின்சார மீட்டர் பார்க்கிறவர் மணி அடித்தார். நான் கதவைத் திறந்தபோது என் வலது கட்டைவிரலில், நீ பெட்டியில் அனுப்பிய பிளாஸ்டிக் கட்டைகளை வைத்து நான் அடுக்குகிற நீர்யானை தொங்கிக்கொண்டிருந்தது. முழு நீர்யானை இல்லை, பின்பாதி மட்டும். அவர் ஓரடி பின்னால் நகர்ந்து, என்ன சார் கடிக்குமா என்றார். பசை ஒட்டிக்கொண்டதப்பா என்றேன். எதற்குப் பசை என்று நீ கேட்பாய். கழுந்தும் துளையும் போட்டு, பசை வைத்து இறுக்கி நாற்பது வருஷம் அலமாரி செய்தவன் நான். பசை இல்லாத இணைப்பை நம்பு என்றால் எப்படி நம்புவது? சும்மா அழுத்தினால் போதும் என்று பெட்டியோடு வந்த புத்தகத்தில் படம் போட்டிருந்தார்கள். படத்தில் எல்லாம்தான் பிடிக்கும். அதனால் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு சொட்டு வைத்தேன். கடைசியில் மரக்கட்டை, பிளாஸ்டிக் கட்டை, கட்டைவிரல் எல்லாம் அந்தப் பசைக்கு ஒன்றுதான் என்று தெரிந்துகொண்டேன். உங்கம்மா வெந்நீரில் கையை முக்க வைத்து அரைமணி நேரம் சிரித்தாள்.

ஆனால் அந்தப் பெட்டி வந்த நாளிலிருந்தே எனக்குச் சந்தேகம்தான், இப்போது ஒளிக்காமல் சொல்கிறேன். அறுபத்திமூன்று வயது ஆளுக்கு, ஒன்பது வயதுக்கு மேல் என்று எழுதிய பெட்டியை எவளாவது காரணம் இல்லாமல் அனுப்புவாளா? அதுவும் அந்தப் பல் டாக்டர் வீட்டு அலமாரிக் கதவை நான் ஒரு விரற்கடை குட்டையாக அறுத்துவிட்ட பத்தாம் நாள் வந்து சேர்கிறது. அந்தக் கதவு விஷயம் உனக்கு யார் சொன்னது? நான் சொல்லவில்லை. பிறகு வாராவாரம் நீ போனில், புத்தகத்துல எந்தப் பக்கம் வந்திருக்கீங்கப்பா, எங்க மாட்டிக்கிட்டீங்கப்பா என்று கேட்டாய். உடம்பு எப்படி என்று கேட்பதற்கு முன்னால் கேட்டாய். சரிதான், அப்பனுக்கு மூளை கழன்றுவிட்டதா என்று மகள் அங்கிருந்தபடியே அளவு எடுக்கிறாள் என்று நினைத்தேன். போனை எடுத்துக்கொண்டு உங்கம்மா சமையலறைக்குள் போய், இன்னும் ரெண்டு காலுதாண்டி ஆயிருக்கு என்று குசுகுசுத்ததும் என் காதில் விழுந்தது. காது இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது, எழுதி வைத்துக்கொள்.

அதற்குப் பிறகு நான் ரொம்ப ஜாக்கிரதையாக இருந்தேன். உங்கம்மா எதிரே உட்கார்ந்து நிறம் பிரித்துத் தருவாள், நான் படத்தைப் பார்த்து அடுக்குவேன். சாம்பல் நிறம் நீர்யானைக்கு, கருநீலம் அது நிற்கிற தண்ணீருக்கு. சாயங்காலம் எட்டி நின்று பார்த்தால் முதுகில் மூன்று நீலக் கட்டைகள், தேமல் மாதிரி. மறுநாள் வயிற்றில் இரண்டு. நான் அவள் கொடுத்ததை நம்பிப் பார்க்காமல் பசை வைத்துவிட்டேன், இனி உளியால்தான் பெயர்க்க வேண்டும். என் புத்தி எங்கே போயிற்று பார். ஓகோ, வேண்டுமென்றே தப்பாகக் கொடுக்கிறாள், அப்பன் தேர்வில் தேறக் கூடாது, பட்டறையைச் சாத்திவிட்டு வீட்டோடு கிடக்க வேண்டும், அம்மாவும் பொண்ணும் சேர்ந்து போட்ட திட்டம் என்று நானே முடிவு கட்டினேன். கேட்டால், உங்க கண்ணுதான் அவிஞ்சுபோச்சு, நான் சாம்பல்தான் குடுத்தேன் என்று என் மேலேயே திருப்பினாள். இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை. காப்பியை அவள் வைத்த இடத்திலேயே ஆறவிட்டேன்.

முந்தாநாள் சனிக்கிழமை கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று ஒரு வேலை செய்தேன். சாம்பல் ஒன்று, கருநீலம் ஒன்று, இரண்டும் ஒரே அளவு, மேலே எட்டுக் குமிழ் வைத்தவை, அவள் முன்னால் போட்டு, அந்தச் சாம்பல் கட்டையை எடு என்றேன். கண்ணை அகலத் திறந்து என்னையே பார்க்கிறாள், கட்டையைப் பார்க்கவே இல்லை. கை மட்டும் போய் இரண்டையும் கட்டைவிரல் நகத்தால் தடவிக் குமிழ் எண்ணிற்று. அளவு ஒன்றாக இருக்கவும் கை அப்படியே நின்றுவிட்டது. பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, பால் வைச்சிருக்கேன் என்று எழுந்து போனாள். அடுப்பில் பால் இல்லை. போகிற வழியில் நாற்காலி முதுகைத் தொட்டு, சுவரைத் தொட்டுப் போனாள். இத்தனை நாளாக அப்படித்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறாள், நான் நீர்யானையின் காலை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அன்றைக்கே தெருமுனை மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரிடம் போனேன். அவர் கடைக் கண்ணாடிப் பெட்டியெல்லாம் நான் செய்ததுதான், அந்த உரிமையில், உங்கம்மா கண்ணுக்கு என்ன என்று சுற்றி வளைக்காமல் கேட்டேன். அவர் என்னை விட ஆச்சரியப்பட்டு, அக்கா ரெண்டு மாசம் முந்தியே வந்தாங்களேண்ணே, ரெண்டு கண்ணுலயும் புரை முத்தியிருக்கு, ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு சொன்னேன், பொண்ணுக்குப் பிரசவம் பாத்துட்டு வந்து செஞ்சுக்கறேன்னுட்டாங்க, உங்ககிட்ட சொல்லலையா என்றார். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று யோசித்தால் எனக்குத் தெரியாதா? கண் தெரியாதவள் கையில் பிள்ளையைக் கொடுப்பார்களா, இருங்கம்மா நான் சமாளிச்சுக்கறேன் என்று நீ சொல்லிவிடுவாய் என்று பயம். துணிமணி எல்லாம் மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள். அதில் இரண்டு ரவிக்கை உள்வெளியாக மடித்திருக்கிறது.

இப்போது உன்னால் ஆக வேண்டிய காரியம் இதுதான். நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் அழுவாள், அதைவிட மோசமாக, இல்லவே இல்லை என்று சாதிப்பாள். நீயாக ஆரம்பிப்பது போல ஆரம்பி. பிரசவத்துக்குத் துணையாக வருகிறவர்கள் கண் டாக்டரிடம் காட்டிச் சீட்டு வாங்கி வர வேண்டும் என்று இங்கே ஆஸ்பத்திரியில் கேட்கிறார்கள் என்று சொல். பொய்தான், உன்னைப் பொய் சொல்லாதே என்று வளர்த்தவன்தான் கேட்கிறேன். இன்னும் பத்து வாரம் இருக்கிறது. ஒரு கண்ணுக்கும் இன்னொரு கண்ணுக்கும் நடுவில் மூன்று வாரம் விட்டாலும் நேரம் போதும் என்று கடைக்காரர் விரல் விட்டு எண்ணிச் சொன்னார். ஆனால் ஒன்று, வர வேண்டாம் என்கிற வார்த்தை மட்டும் உன் வாயிலிருந்து வரவே கூடாது. கண்ணைச் சரி பண்ணிக்கிட்டு வாம்மா, நீ வந்தாதான் எனக்குத் தைரியம் என்று சொல். மாப்பிள்ளையிடமும் சொல்லி வை, அவர் உண்மை விளம்பி, போனில் உளறிவிடப் போகிறார்.

நீ பெட்டி அனுப்பியது எனக்குச் சோதனையா, சும்மா பொழுதுபோக்கா என்று இனி கேட்க மாட்டேன். யாருக்கு வைத்ததோ, யார் அகப்பட்டோமோ. மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து ஏறு, குனிந்து எதையும் தூக்காதே, இரும்பு மாத்திரையைக் குமட்டுகிறது என்று தூக்கிப் போடாதே. கதவைப் பற்றிக் கேட்காதே, மாற்றிக் கொடுத்துவிட்டேன். தாயும் பிள்ளையும் இரண்டு உயிராக நல்லபடி பிரிந்து, நூறு வயது நிறைந்து வாழ வேண்டும். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போடு, ஞாயிற்றுக்கிழமைக்குள் அம்மாவுக்குப் போன் செய்.

இப்படிக்கு,
உன்னைச் சந்தேகப்பட்டதற்கு வெட்கப்படுகிற,
அப்பா.

கையெழுத்துப் போட்ட பிறகு இதையும் எழுதத் தோன்றியது. நேற்று மத்தியானம் நீர்யானையைத் தூக்கி மேசை மேல் வைத்தேன். உங்கம்மா வந்து மூக்கிலிருந்து வால்வரை தடவிப் பார்த்துவிட்டு, நல்லா வந்திருக்குங்க, அந்தக் கண்ணு ரெண்டும் நம்மளையே பாக்குற மாதிரி இருக்கு என்றாள். ஆமாம் என்றேன். கண் இரண்டும் இன்னும் வைக்கவில்லை, என் சட்டைப்பையில் இருக்கின்றன என்று நான் சொல்லவில்லை.