ஹன்னாவுக்கு வைத்த மெழுகுதிரி

ஒக். 28, செவ்வாய்

…ஆனபடியால் அந்தோனியாரே, ஜெபமாலையைப் பாதியில் விட்டுவிட்டு பஸ்ஸில் ஏறினதற்குக் கோபிக்க வேண்டாம். மழை. குடை போன கிழமை ரெயினில் விட்டது. அதையும் நீர்தான் தேடித் தரவேண்டும், ஆனால் அதற்கு அவசரமில்லை. பெரிய விஷயம் வேறு இருக்கிறது.

இன்றைக்கு சேமக்காலையில், அந்தப் பழைய கல்லறைத் தோட்டத்தில், ஐவிக் கொடி வேலை. ஹெலன் திரும்பவும் அதையேதான் சொன்னாள்: இழுக்காதீர்கள், அடியில் வெட்டிவிட்டு அப்படியே காய விடுங்கள். இழுத்தால் கல்லின் முகமும் எழுத்தும் கொடியோடு உரிந்து வந்துவிடுமாம். ஹெலன்தான் அங்கே மனேஜர். என் மகள் வயதிருக்கும். முழங்காலில் எப்போதும் சேறு. நாங்கள் சம்பளமில்லாமல் செவ்வாயும் வெள்ளியும் போய்க் கைகொடுக்கிற ஆட்கள். ஊரில் என்றால் கொடியைப் பிடுங்கி எறிந்து, கல்லை உரஞ்சி, வெள்ளையும் அடித்திருப்போம். இங்கே கல்லில் படர்ந்த சாம்பல் பாசியைக்கூடத் தொட விடமாட்டார்கள். யூனிவர்சிட்டியிலிருந்து ஒருவர் பூதக்கண்ணாடியோடு வந்து முழங்காலில் நின்று பார்க்கிறார். நானும் முழங்காலில்தான் நின்றேன், ஆனால் அது வேறு காரியத்துக்கு.

அந்தக் காலத்தில் இதைப் பூங்கா மாதிரி உலாவத்தான் கட்டினார்களாம். வளைந்த பாதை, பெரிய மரம், தேவதைச் சிலை. இப்போது ஓடுகிற ஆட்களும் நாய்களும். மேலே பச்சைக் கிளிகள், ஒரே சத்தம்.

சரி, விஷயம். தேத்தண்ணி நேரம் ஹெலன் தனியாகக் கூப்பிட்டாள். ஹொஸ்பிஸில் கடைசி நாளை எண்ணிக்கொண்டு கிடக்கிற என் அண்ணைக்கு இங்கேயே அடக்க இடம் கிடைக்கும்போல. அங்கே புது நிலம் என்று ஒரு சாண்கூட இல்லை. ஆனால் எத்தனையோ தலைமுறையாக ஒருவரும் வராத கல்லறைகளில் அறிவித்தல் தாள் ஒட்டுகிறார்கள். குடும்பத்தில் ஒருவரும் வந்து கேட்காவிட்டால் குழியை இன்னும் ஆழமாக்கி, பழைய எலும்பைக் கீழே இறக்கி, மேலே புது ஆளை வைப்பார்கள். கல்லை மறுபக்கம் திருப்பி, பின்முதுகில் புதுப் பெயர் வெட்டுவார்கள். மதிலோர வரிசையில் தாளுக்குரிய காலம் முடிந்துவிட்டது. வருகிற திங்கள் கடைசியாக ஒருதரம் பார்ப்பார்கள், ஒன்று கட்டாயம் கிடைக்கும். காத்திருக்கிற ஆட்களில் அடுத்தது அண்ணையின் பெயர்.

நேரே ஹொஸ்பிஸுக்கு ஓடினேன். அண்ணை கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்டார்.

"பஸ் போகுமோ?"

"ஓம். கேற்றடியிலேயே நிப்பாட்டுவான்."

"அப்ப சரி. மோட்டர்வேக்கு அங்காலை கொண்டுபோய்ப் போட்டியள் எண்டால் நீ வரமாட்டாய். மூண்டு பஸ் மாறி வாற ஆளோ நீ?"

மோட்டர்வேக்கு அங்கால் இருக்கிற புதுச் சேமக்காலையை அவருடைய மகள் ஷாலினி போனில் படம் காட்டினவள். பச்சையாக, ஒரு மரமில்லாமல், கோல்ஃப் விளையாடுகிற இடம் மாதிரி. அவளிடம் கார் இருக்கிறது. என்னிடம் பஸ் பாஸ்.

ஒக். 31, வெள்ளி

காற்று. இலை கூட்டக் கூட்டக் கொட்டுகிறது. ஒரு சிலுவைக் கல் ஆடுகிறது என்று சுற்றிக் கயிறு கட்டினோம். டெஸ்மன்ட், அந்தக் குழி தோண்டுகிற மிஷின் ஓட்டுகிறவர், பின்னேரம் பேய் வேஷம் போட்ட பிள்ளைகள் வருவார்கள், நீயும் நின்று பார் என்றார். நான் நிறையப் பேய் பார்த்துவிட்டேன் என்றேன். அவருக்குச் சிரிப்பு.

வாங்க வேண்டியவை: செவ்வந்தி (வெள்ளை, இல்லாவிட்டால் மஞ்சள்). சிவப்புக் கண்ணாடி மெழுகுதிரி. மிருதுவான பிரஷ். அண்ணைக்குத் தகரத்தில் அடைத்த இளநீர். பருப்பு.

ஞாயிறு ஆத்துமாக்கள் திருநாள். அன்றைக்குக் கல்லறை கழுவிப் பூ வைக்காமல் என்னால் இருக்க ஏலாது. இந்த நாட்டு மண்ணில் எனக்கென்று இன்னும் ஒருவரும் இல்லை. ஆனபடியால் வருஷா வருஷம் ஒருவரும் நினையாத ஆத்துமாக்களுக்குச் செய்கிறேன். இந்த முறை மதிலோர வரிசை. தாள் ஒட்டியிருக்கிறவர்களைவிட வேறு யாருக்குச் செபம் கூடத் தேவை?

அண்ணைக்கு இரவில் நோ தாங்க ஏலாமல் இருக்கிறது. முனகுகிறார் என்று நர்ஸ் சொன்னாள். அந்தோனியாரே, கேட்கிறீரா?

நவ. 2, ஞாயிறு

பூசை முடிந்து நேரே போனேன். ஐந்து கல்லறைக்குச் செய்வதாக எண்ணம். முதல் கல்லறை முடியவே மழை பிடித்துக்கொண்டது.

அந்த முதல் கல்லறை ஹன்னாவுடையது. வயது முப்பத்தொன்று. புருஷனின் பெயர், அவனுடைய அன்பு மனைவி, பிறகு ஒரு வசனம். அதற்குக் கீழே வழுவழு என்று வெறும் இடம். அவனுக்கென்று விட்ட இடம். வரவேயில்லை. வேறு கலியாணம் கட்டியிருப்பான், வேறென்ன. அவள் மட்டும் இவ்வளவு காலமும் பக்கத்தில் இடம் விட்டுக்கொண்டு கிடக்கிறாள்.

பாசியில் கைவைக்கவில்லை. சத்தியமாக. எழுத்தில் நின்ற மண்ணை மட்டும் தண்ணீரால் தட்டினேன். சுற்றுக் கல்லுக்குள் நின்ற புல்லையும் முள்ளையும் பிடுங்கினேன். ஜாம் போத்தலில் செவ்வந்தி முழுவதையும் அவளுக்கே வைத்தேன். திரி கண்ணாடிக்குள் நன்றாகப் பற்றிக்கொண்டது. ஐந்து காயத் திருச்செபம்.

பிறகு கேட்டேன். ஆத்துமாக்களுக்காக நாங்கள் மன்றாடினால் அவர்கள் எங்களுக்காக மன்றாடுவார்கள், அது சின்னதில் படித்த பாடம். "பிள்ளை ஹன்னா, என்ரை அண்ணைக்கு இரவிலை நோ குறையவேணும். அதை மட்டும் கேட்டுத் தா." தமிழில்தான் கேட்டேன். அங்கே பாஷை பார்க்கமாட்டார்கள்.

நனைந்து தெப்பமாக வீட்டுக்கு. தும்மல்.

நவ. 3, திங்கள்

அண்ணை இரவு முழுக்க நித்திரை! நர்ஸ் தானாகவே வந்து சொன்னாள். மருந்து மாற்றினார்களா என்று கேட்டேன், இல்லையாம்.

ஹன்னா நல்ல பிள்ளை.

நவ. 4, செவ்வாய்

எழுதவே கை வரவில்லை.

ஹெலன் தேத்தண்ணிக்கு முதலே பிடித்துக்கொண்டாள். மன்னிக்க வேண்டும், அந்த இடத்தை நிறுத்திவைத்திருக்கிறோம் என்றாள். நேற்றுக் கடைசியாகப் பார்க்கப் போனால் யாரோ வந்து புல் பிடுங்கி, பூ வைத்து, திரி கொளுத்தியிருக்கிறார்களாம். குடும்பம் எங்கேயோ இருக்கிறது, தேடிப் பார்க்கவேண்டும். மற்ற நாலிலும் நிலத்துக்குக் கீழே மரவேர், அடுத்த கோடைக்கு முதல் ஒன்றும் செய்ய ஏலாது. போனில் படம் காட்டினாள். என்னுடைய ஜாம் போத்தல். லேபல் பாதி கிழிந்தபடி.

அவளுக்கு அண்ணையை நினைத்துக் கவலைதான், ஆனால் முகத்தில் ஒரு சந்தோஷமும் இருந்தது. இவ்வளவு காலத்துக்குப் பிறகும் ஒருவர் அவளை மறக்கவில்லையே என்றாள்.

மூடத் தெரியாத என் வாய் மூடிக்கொண்டு நின்றது. டெஸ்மன்ட் படத்தையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், விசிலடித்துக்கொண்டு போய்விட்டார்.

வாயைத் திறந்தால் அண்ணைக்கு இடம் கிடைக்கும், ஹன்னாவை இறக்குவார்கள். திறக்காவிட்டால் ஹன்னா கிடந்தபடி கிடப்பாள், அண்ணை மோட்டர்வேக்கு அங்கால். போன ஞாயிறு அவளிடம் கைநீட்டி வாங்கிவிட்டு, இந்தச் செவ்வாய் போய் எழும்பு என்கிறதா?

சோறு அடிப்பிடித்தது. இருந்தால் நிற்கவேண்டும்போல, நின்றால் நடக்கவேண்டும்போல. படியை இரண்டு தரம் கூட்டினேன்.

நவ. 5, புதன்

இந்த நாட்டில் இன்றைக்கு வாணம் விடுகிற நாள், பின்னேரத்திலிருந்து வெடி. எனக்கு இன்னும் பழகவில்லை. குசினிக் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தேன்.

ஷாலினி ஹரோவிலிருந்து வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். இங்கிலிஷில்தான் கதைப்பாள், "மாமி" மட்டும் தமிழ். மாமி, அது நீங்கள்தான் என்று சொல்லிவிடுங்கள், ஒரு நிமிஷ வேலை என்றாள். நான் ஹன்னாவிடம் கேட்டு வாங்கினதைச் சொன்னேன். மாமி, அவள் எப்போதோ செத்துவிட்டாள், அப்பா இன்னும் சாகவில்லை என்றாள். சொல்லிவிட்டு அவளே அழுதாள். புட்டும் சம்பலும் கட்டிக்கொடுத்து அனுப்பினேன்.

அவள் சொன்னதில் பிழையில்லை. அதுதான் கரைச்சல்.

நவ. 6, வியாழன்

குளிர். அண்ணையிடமே கேட்பது என்று தீர்மானித்துப் போனேன். குழிக்காரர் அவர்தானே.

முழுக் கதையையும் கேட்டார். சிரிக்க முயற்சி செய்து இருமினார்.

"உனக்கு ஊரிலை உள்ள பழக்கம் ஒண்டும் போகாது. சும்மா கிடந்த கல்லுக்குப் பூ வைச்சு என்ரை இடத்தையும் குடுத்திட்டாய்."

"தெரியாமல் செய்திட்டன் அண்ணை."

"கலியாணமான பொம்பிளை. அவளின்ரை மனுசன் வந்து கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

"அவன் இவ்வளவு காலமும் வரேல்லை. இனி வரப்போறானோ?"

"அவனுக்கு விட்ட இடத்திலை என்ரை பேரை வெட்ட விடாதே. பின்பக்கம் எனக்குப் போதும்."

பிறகு கண்ணை மூடிக்கொண்டார். நித்திரை என்று நினைத்து எழும்பினேன். கையைப் பிடித்தார். கையில் பலமே இல்லை.

"ஒண்டு சொல்லுறன். அவளைக் கீழை இறக்கேக்கை நீ பக்கத்திலை நிக்கவேணும். தெரியாத ஆக்கள் தனியத் தூக்கக் கூடாது. அவளின்ரை பேரைச் சொல்லிச் செபி. அதுக்கு ஓமெண்டால் எனக்கும் ஓம்."

ஓம் என்றேன்.

நவ. 7, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

காலையில் சப்பாத்தில் சேறு பட முதலே ஹெலனின் ஒபிஸுக்குப் போனேன். பூ, போத்தல், திரி எல்லாம் என்னுடையது, எங்கள் ஆட்கள் இந்த மாதத்தில் அப்படிச் செய்வார்கள், ஹன்னாவுக்கு ஒருவரும் வரவில்லை. ஹெலன் கதிரையில் இருந்தாள். ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது. தன் அம்மாவுக்குப் போன் எடுத்து அந்தப் பூவைப் பற்றிச் சொன்னதாகச் சொன்னாள். அவ்வளவுதான்.

பிறகு வேலை முகம் வந்துவிட்டது. நான் சொன்னதை எழுதி வைக்கவேண்டும், மேலே கேட்கவேண்டும், ஆனால் காலம் முடிந்த கல்லறை என்றபடியால் திரும்பவும் அண்ணைக்கே வரும். தாள் ஒட்டினதில் இனி ஒன்றும் வைக்கக் கூடாது என்றாள். பக்கத்தில் நிற்கலாமா என்று கேட்டேன். அப்படி ஒருவரும் இதுவரை கேட்டதில்லையாம். வேலை நடக்கும்போது சுற்றித் துணி மறைப்புக் கட்டுவார்கள், உள்ளே விடச் சட்டமில்லை, பாதையில் நிற்கலாம் என்றாள். பாதைக்கும் குழிக்கும் நடுவில் ஒரு மரம்தான். குரல் கேட்கும்.

மதிலடிக்குப் போனேன். பூ கருகிவிட்டது. போத்தலை எடுத்தேன். ஹன்னாவிடம் என்ன சொல்கிறது? நிறையக் கதைக்கிறவள் என்று என்னைச் சொல்வார்கள். ஒரு அருள் நிறைந்த மரியே, அதுவும் நடுவில் விட்டுப்போய்த் திரும்பத் தொடங்கினேன்.

நவ. 9, ஞாயிறு

தூறல். பூசையில் மனம் நிற்கவில்லை, பிரசங்கம் என்ன என்று கேட்டால் தெரியாது. அண்ணை நாள் முழுக்க நித்திரை. வாய் காய்கிறது, பஞ்சு நனைத்து வைத்தேன். மூச்சு இடைவெளி விட்டு வருகிறது.

நாளைக்கு: ஷாலினியை லீவு போடச் சொல்லவேண்டும். பாதருக்குப் போன், அண்ணைக்குக் கடைசிப் பூசுதல் கொடுக்க. அண்ணையின் வேட்டி தோய்க்க. ஹெலனிடம், ஆட்கள் அவளைத் தூக்கும்போது பெயர் சொல்லித் தூக்குவார்களா என்று கேட்க.

ஏன் அண்ணை அதைக் கேட்டார் என்று பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டு வந்தேன். இவ்வளவு நோவுக்குள் தெரியாத ஒரு பொம்பிளையின் எலும்பு இவருக்கு என்ன என்று. சப்பாத்தைக் கழற்றும்போதுதான் நினைவு வந்தது. அம்மாவை வைத்ததும் வெறும் நிலத்தில் இல்லை. இடம்பெயர்ந்து வன்னியில் ஒரு கோயிலில் இருந்தோம், அந்த ஊர்க் குடும்பம் ஒன்று தங்கள் கிழவியின் குழியைத் திறந்து தந்தது. கிழவியின் எலும்பை வெள்ளைச் சீலையில் கட்டினார்கள். அம்மாவை இறக்கி முடியும்வரை அதைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றது அண்ணை.