பூசணிக்காய் வாங்கின மார்க்

மார்ச் 9, திங்கள்

வெயில் இப்பவே மண்டையைப் பொளக்குது. பால் வாங்கணும். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா ரவிக்கை, ஒரு கை மட்டும் பாக்கி. தையல் மெஷின் மேல போட்ட துணியைக்கூட எடுக்கல.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரில குடுத்த பேண்டை இன்னிக்குத்தான் பிரிச்சேன். நெத்தியில மாட்டுற பட்டை, உள்பக்கம் ரெண்டு பஞ்சு. பஞ்சை உப்புத்தண்ணில நனைச்சு மாட்டிக்கிட்டு, செல்லுல ஆப்பைத் தொறந்தா ஒரு பலூன். மனசு அமைதியானா பலூன் மேல போகுமாம். தெனம் பழகினா மூளை தானா கத்துக்குமாம். என் மாதிரி மனச்சோர்வுக்காரங்களுக்கு இது வேலை செய்யுதான்னு டெஸ்ட் பண்றாங்க. "மாத்திரைய விட்டுடாதீங்க, அதோட சேர்த்துத்தான் இது"ன்னு கவிதா மேடம் சொன்னாங்க. சின்னப் பொண்ணு. இதை நடத்துறதே அவங்கதான். அவங்க ஒருத்தர்தான் என்கிட்ட காரணம் கேக்கல. மத்தவங்க எல்லாம் "உனக்கு என்னடி கொறை?" கொறை இருந்தா சொல்லித் தொலைச்சிருக்க மாட்டேனா? ஒண்ணும் இல்ல. ஒண்ணுமே இல்லாம காலையில எழுந்திரிக்க முடியல. அவ்ளோதான்.

பலூன் தரையை விட்டு எழும்பல. மார்க் பத்தொம்போது. எட்டாங்கிளாஸ் கணக்குலகூட இதைவிட அதிகம் வாங்கியிருக்கேன்.

மார்ச் 10, செவ்வாய்

இன்னிக்கும் பலூன் படுத்தேதான் கெடந்தது. என்னை மாதிரியே.

வீட்டுக்காரர் பின்னாடி நின்னு எட்டி எட்டிப் பார்த்தார். பஞ்சு நனைக்க நான் பாக்கெட் உப்பைக் கரைச்சதுல அவருக்கு ரோஷம் வந்துடுச்சு.

"உப்பளம் வச்சிருக்கிற இந்த ஏழுமலை வீட்ல பாக்கெட் உப்பா? வெளிய சொல்லிடாத செல்வி, மானம் போயிடும்."

கடைசிப் பாத்தியில உப்பு எறங்கறதுக்கு முன்னாடி இருக்கிற தண்ணிதான் சுத்தமாம். நாளைக்கு ஒரு பாட்டில் புடிச்சுக்கிட்டு வர்றாராம். என்னமோ பண்ணட்டும்.

மார்ச் 11, புதன்

பாட்டில் வந்துது. தண்ணி கெட்டியா, எண்ணெய் கணக்கா இருக்கு. அவரே பஞ்சை முக்கி, சொட்டச் சொட்ட மாட்டிவிட்டார். நெத்தியெல்லாம் ஒழுகி, கண்ணுல எறங்கி ஒரே எரிச்சல். நல்லா திட்டினேன்.

திட்டிக்கிட்டு இருக்கும்போதே பலூன் சர்ருன்னு மேல! "மிக அருமை! உங்கள் மனம் அமைதியாக உள்ளது"ன்னு செல்லுக்குள்ள ஒரு பொம்பளை. மார்க் தொண்ணூறைத் தாண்டிடுச்சு.

அவர் மூஞ்சியைப் பார்க்கணுமே! கல்யாணத்தன்னிக்குக்கூட அப்படிச் சிரிக்கல மனுஷன்.

மார்ச் 13, வெள்ளி

தெனம் தொண்ணூறுக்கு மேலதான். டீக்கடை பூரா சொல்லிட்டார். ஜன்னல்ல நின்னாலே கேக்குது: "நம்ம பாத்தித் தண்ணிடா அது, சும்மாவா?"

வஞ்சிரம் வாங்கிக்கிட்டு வந்தார். சாப்பிட்டேன். ருசியே தெரியல. சொல்லல.

ஸ்டெல்லா அக்கா: "மூஞ்சி தெளிஞ்சிருக்குடி. உனக்காக மாதா கோயில்ல மெழுகுவத்தி ஏத்தினேன். அது சரி, என் ரவிக்கை?"

ஒருவேளை சரியாயிடுச்சோ, எனக்குத்தான் தெரியலையோ? ஆனா ரெண்டு நாளா குளிக்கல. இவ்ளோ மார்க் வாங்கினவ குளிக்க மாட்டாளா?

செவ்வாக்கெழமை டாக்டரைப் பார்க்கணும். "மார்க்கைக் காட்டி மாத்திரைய நிறுத்தச் சொல்லிடலாம் செல்வி." வீட்டுக்காரர் முடிவே பண்ணிட்டார். மாத்திரை இருக்கிறதாலதான் இந்த அளவுக்காவது நடமாடுறேன். அதையும் நிறுத்திட்டா மறுபடியும் அந்தப் பழைய கெடப்புதான். இதை எப்படிச் சொல்றது? அந்தச் சிரிப்பை என் வாயாலயே அணைக்கணுமா?

மார்ச் 15, ஞாயிறு

அரிசி ஊற வைக்கணும். மறந்துட்டேன்.

பேண்டு மாட்டி பலூன் ஏறிக்கிட்டு இருந்தப்போ ஸ்டெல்லா அக்கா கதவைத் தட்டினாங்க. ஈர பேண்டைக் கழட்டி, அடுப்பு மேடையில இருந்த பூசணிக்காய் மேல மாட்டிட்டுப் போனேன். அவங்க பொண்ணு நிச்சயதார்த்தக் கதையெல்லாம் கேட்டுட்டுத் திரும்பி வந்தா, உள்ள அந்தப் பொம்பளைக் குரல். "மிக அருமை! உங்கள் மனம் அமைதியாக உள்ளது."

பூசணிக்காய்க்கு. தொண்ணூத்தாறு. என்னைவிட அதிகம்.

சிரிச்சேன். நெஜமாவே சத்தமா சிரிச்சேன். அப்புறம் அந்த மேடை ஓரமாவே உக்காந்துட்டேன். அப்போ நான் சரியாகல. எனக்குத் தெரிஞ்சது சரிதான். ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் தாங்கல.

மார்ச் 16, திங்கள்

காத்தே இல்ல. புழுக்கம்.

நாளைக்குப் போட்டுக்கிட்டுப் போக அவர் சட்டையைத் தேய்ச்சுக்கிட்டு இருந்தார். விசில் வேற. பூசணிக்காயைத் தூக்கிக்கிட்டுப் போய் எதிர்ல வச்சேன். பஞ்சைப் பாட்டில் தண்ணில முக்கி மாட்டினேன். பலூன் ஏறுச்சு.

விழுந்து விழுந்து சிரிச்சார். "ஏய், பூசணிக்காய்க்கும் மூளை இருக்குதுடி!" அப்புறம் சிரிப்பு நின்னுடுச்சு.

"அப்போ நீ?"

"நான் அப்படியேதாங்க இருக்கேன். ஒரு இம்மிகூட மாறல."

சட்டையை அப்படியே விட்டுட்டு வெளிய போய்க் குழாயடியில மூஞ்சி கழுவினார். கழுவிக்கிட்டே இருந்தார். நான் போய்த் தோள்ல கை வச்சேன். "என் தண்ணியாலதான் எல்லாம் கெட்டுதா?"ன்னார். இல்லைங்கன்னேன். எனக்கு அழுகை வந்துடுச்சு. பல நாளா அதுகூட வரல.

மார்ச் 17, செவ்வாய்

ஆஸ்பத்திரில செம கூட்டம். எனக்கு முன்னாடி டோக்கன்காரர் தூங்கியே போயிட்டார்.

கவிதா மேடம் கிட்ட பூசணிக்காய் கதையைச் சொன்னேன். வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சுட்டு, "சாரிங்க"ன்னாங்க. உப்புத்தண்ணி ஒழுகி ரெண்டு பஞ்சையும் ஒண்ணா இணைச்சுடுச்சாம். பேண்டு என் மூளையைக் கேக்கவே இல்லையாம். அங்க ஒண்ணும் அசையலன்னதும் ஆப் அதையே அமைதின்னு நெனச்சுக்கிச்சாம். நெத்தியைத் தொடைச்சு, பஞ்சை நல்லா புழிஞ்சு அவங்களே மாட்டிவிட்டாங்க. பலூன் கொஞ்சம் அசைஞ்சுது. இருபத்தொண்ணு. என்னோடது.

மாத்திரை அப்படியே தொடரணும்னு டாக்டர் எழுதிட்டார். இவர் தலைய மட்டும் ஆட்டினார்.

பஸ்ல ஜன்னலோரம் என்னை உக்கார வச்சார். கூனிமேடு தாண்டினதும் கேட்டார்.

"காலையில எழுந்திரிக்கிறப்போ எப்படி இருக்கும் செல்வி? எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

ஏன்னு கேக்கல. எப்படின்னு கேட்டார். சொன்னேன். தலைமாட்டுல இருந்து ஆரம்பிச்சு, பல்லு வெளக்குற வரைக்கும் என்னென்ன பாடுன்னு சொல்லிக்கிட்டே வந்தேன். பாதியிலயே "மரக்காணம் எறங்கு, மரக்காணம்"னு கண்டக்டர் கத்தினார். எங்க ஊரு வந்துடுச்சுன்னு பையை எடுத்தேன். இவர் எழுந்திரிக்கல.

"இன்னும் தள்ளி, கடப்பாக்கம் வரைக்கும் ரெண்டு டிக்கெட் குடுப்பா"ன்னார்.