விட்டுவிட்டுத் துடிக்கிறது

7 அக்., செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. கிராப் கார் கிடைக்கவில்லை. குடையோடு கிள்ளான் ஸ்டேஷன் வரை நடை. இதயத்தில் அப்லேஷன் செய்த பிறகு இன்றுதான் வேலைக்கு. பையில் மாத்திரை, தண்ணீர் போத்தல், அம்மா கட்டிக்கொடுத்த சோறு. தொடையில் குழாய் விட்ட இடம் இன்னும் மஞ்சளாக. வலி இல்லை.

பிரிக்பீல்ட்ஸ் முழுக்க தீபாவளிக் கடைகள். எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடை வாசலிலேயே முறுக்குக்காரர் மேசை போட்டுவிட்டார். எங்கள் வீட்டில் இந்த வருஷம் தீபாவளி இல்லை.

முதலாளி அண்ணன்: "முடியலனா உக்காந்துக்கோ புனி. ஹீரோயின் வேலயெல்லாம் வேணாம்லா."

ஓர் ஆன்டிக்கு பிரேம் எடுத்துக் காட்டும்போது வந்தது. ஒரு துடிப்பு வராமல் போகும். அந்த இடம் காலியாக. பிறகு தொம் என்று ஒன்று, தொண்டை வரைக்கும். எக்டோபிக் என்று பெயர். இதயத்துக்குள் சுட்ட புண் ஆறும்வரை வரலாம், பயப்படாதே என்று சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆன்டி கண்ணாடியில் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது போட்டா கெழவி மாரி இருக்கா?" இல்ல ஆன்டி, அழகா இருக்கு.

விட்டு அடிக்கும்போதெல்லாம் தம்பி ஞாபகம். இதை எழுதிவிட வேண்டும். பிப்ரவரியில் ஃபுட்சால் ஆடிக்கொண்டிருந்தவன் கோர்ட்டிலேயே விழுந்தான். இருபத்து நான்கு வயது. ஆஸ்பத்திரியில் ஒரு நாள் மெஷினில் வைத்திருந்தார்கள், பிழைக்கவில்லை. அப்போது எடுத்த இசிஜியில்தான் தெரிந்தது, இதயத்தில் பிறவியிலேயே கூடுதலாக ஒரு மின்பாதை. வீட்டில் மற்றவர்களும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அப்பா எப்போதோ இறந்துவிட்டார். அம்மாவுக்கு இல்லை. எனக்கு இருந்தது. தொடை ரத்தக்குழாய் வழியாக வயர் விட்டு அந்தப் பாதையைச் சுட்டு அடைத்தார்கள். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது.

அவ்வளவுதான் வேலை. மத்தியானத்துக்குள்.

8 அக்., புதன்

வேலைக்குப் போகவில்லை. போகப் பார்த்தேன்.

ரயிலில் ஷா ஆலம் தாண்டியதும் தொடங்கியது. ஒன்று விட்டு ஒன்று. நின்று, அடித்து, நின்று, அடித்து. சுபாங் ஜெயாவில் இறங்கி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் ஒரு மலாய் அம்மா, பள்ளிக்கூட டீச்சர் மாதிரி. "சாக்கிட் கா, டிக்?" வலிக்கிறதா தங்கச்சி என்று கேட்டார். தலையாட்டினேன். தண்ணீர் போத்தல் மூடியைத் திறந்து கையில் கொடுத்துவிட்டு, தன் ரயிலை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். அடங்கியதும் எதிர்ப் பக்கத்தில் ஏறி வீட்டுக்கு.

அம்மாவிடம் தலைவலி என்றேன். நம்பவில்லை. குளிக்கப் போனால் தாழ்ப்பாள் போடக்கூடாதாம். தண்ணீர்ச் சத்தம் நின்றால் போதும், வெளியிலிருந்து:

"புனி?"

"இருக்கேன்மா."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. "புனி?" "இருக்கேன்மா." கடைசியில் கோபம் வந்து கத்திவிட்டேன். கதவுக்கு வெளியே ஸ்டூல் இழுத்துப் போடும் சத்தம் மட்டும்.

10 அக்., வெள்ளி

வெயில். செக்கப். இசிஜி எடுக்கும்போதே இரண்டு தடவை விட்டது. டாக்டர் தாளைக் காட்டி விரலால் தொட்டார். இதுவும் இதுவும். பழைய பாதை அடைபட்டுவிட்டது, திரும்பவில்லை. இது வெறும் கூடுதல் துடிப்பு. இது உன்னைக் கொல்லாது. காப்பி குறை, தூங்கு, நடக்கப் போ.

எழுந்தவள் உட்கார்ந்தேன். என் தம்பிக்கு முன்னாலேயே தெரிந்து, இதே வைத்தியத்தைச் செய்திருந்தால்?

டாக்டர் கணினியைப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. பிறகு என்னைப் பார்த்தார். அநேகமாக இருந்திருப்பான் என்றார். அநேகமாக என்பது அவர் எனக்காகச் சேர்த்தது.

வெளியே நாற்காலியில் அம்மா, மடியில் என் பை. "என்ன சொன்னாங்க?" நல்லா இருக்காம், பயப்பட வேண்டாமாம். மற்றதைச் சொல்லவில்லை. சொல்லவே போவதில்லை. அம்மாவிடம் போய் எப்படி அதைச் சொல்வது.

லிஃப்டில் அம்மா எனக்கு முதுகைக் காட்டி நின்றார். அப்லேஷன் அன்றும் இப்படித்தான். மயக்கம் தெளிந்து கண் திறந்தபோது அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார். கூப்பிட்டேன். வந்து போர்வையைச் சரிசெய்தார். முகத்தைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு ஓர் எண்ணம். அவன் இருந்து நான் போயிருந்தால் அம்மாவுக்குத் தேவலையோ.

எழுதிவிட்டேன்.

11 அக்., சனி

சாயங்காலம் மழை. நானும் அம்மாவும் அடுப்படித் தரையில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். மறுபடி தொடங்கியது. கத்தியைக் கீழே வைத்தேன். அம்மா நகர்ந்து வந்து ஈரக்கையை என் நெஞ்சில் வைத்தார். விட்டது. கையைச் சடக்கென்று எடுத்தார். திரும்ப வைத்தார்.

"இதுதான் ஒன்னும் பண்ணாதுன்னாங்களா?"

"ஆமாம்மா."

"அவனுக்கும் இந்த வைத்தியத்த செஞ்சிருந்தா?"

"தெரியாதாம்மா. அதெல்லாம் சொல்ல முடியாதாம்."

அம்மா கையை எடுக்கவில்லை. "பொய் சொல்லாதடி. நான் அன்னிக்கே கேட்டுட்டேன்."

அப்லேஷன் அன்று நான் உள்ளே படுத்திருக்க, நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல டாக்டர் வெளியே வந்திருக்கிறார். அம்மா தனக்குத் தெரிந்த கடைத்தெருப் பாசார் மலாயில் கேட்டிருக்கிறார். என் மகனுக்கும் இதைச் செய்திருந்தால் உயிரோடு இருப்பானா என்று.

"போலே, ஆன்டின்னாரு. முடியும்னு. அவ்ளோதான். பாவம், அவரு என்ன செய்வாரு. மக பொழச்சிட்டா, மகனும் பொழச்சிருப்பான். ரெண்டயும் ஒரே நேரத்துல சொன்னா நான் சிரிக்கிறதா அழறதா? ஒன் மூஞ்சியப் பாத்தா அழுதுருவேன். கண்ணு முழிச்சதும் நீ அதப் பாக்கக் கூடாதுன்னுதான் திரும்பி நின்னேன்."

அம்மா தோளில் சாய்ந்துகொண்டேன். என்ன நினைத்திருந்தேன் என்று சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். மழை பலமாகப் பெய்தது. சோறு குழைந்துவிட்டது. அதையே சாப்பிட்டோம்.

12 அக்., ஞாயிறு

வெக்கை. காலையிலிருந்து நிறைய தடவை விட்டது. எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

பசியாறியதும் அம்மா சாலாக் செலாத்தானில் இருக்கும் சின்னம்மாவுக்குப் போன் போட்டார். சின்னம்மாவுக்கு இரண்டு பையன்கள். பிப்ரவரிக்குப் பிறகு அம்மா தானாக யாரையும் கூப்பிட்டு நான் பார்க்கவில்லை. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"ஜெயா, ஒன் பயலுங்கள நாளைக்கி கிளினிக்குக் கூட்டிட்டுப் போ. இசிஜி எடு."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள்.

"ஒன்னும் இல்லனு எனக்குத் தெரியும். ஒன்னும் இல்லாதப்பவே எடு. எங்க தீபனுக்கும் ஒன்னும் இல்லாமத்தான் இருந்துச்சி."

தம்பி பெயரை அம்மா வாயால் கேட்டு எத்தனை மாதம். போனை வைத்தார். சுவரைப் பிடித்துக்கொண்டே கீழே உட்கார்ந்தார். அவன் சவப்பெட்டியை மூடியபோதுகூடச் சத்தம் போடாதவர். இன்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி, தீபா, தீபா என்று.

கூடவே உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தேன். எனக்கும் நெஞ்சு நின்று நின்று அடித்தது. அடிக்கட்டும். அம்மா இப்போதுதான் படுத்திருக்கிறார். தூங்கவில்லை.

போன் அடிக்கிறது. சின்னம்மாதான். நான் போய் எடுக்கிறேன்.