மோட்டார் சுற்றும் பக்கம்

செம்மண்டலம், கடலூர்
4.2.2007

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். நீங்களும் ரேடியோ ரிப்பேர் கடையும் எப்படி? போனில் பேசினால் கொஞ்ச நேரத்திலேயே சண்டை வந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு என்று வந்தவள் ஏன் இன்னும் நம் வீட்டுக்குத் திரும்பவில்லை என்று கேட்டீர்கள். அம்மாவுக்குக் கண் நன்றாகவே தெரிகிறது. எனக்குத்தான் இங்கும் இருக்க முடியவில்லை, அங்கும் வர மனமில்லை. எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் பாதியில் கவிழ்த்து வைக்கிறேன். கை மட்டும் ஏதாவது வேலை கேட்டுக்கொண்டே இருக்கிறது.

பழைய பேப்பர் கடையில் லேபிள் உரிந்த இசைத்தட்டு ஒன்று கிடைத்தது. அதைப் பாட வைக்க ரெக்கார்டு பிளேயர் ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். செத்துப்போன விசிஆரின் உருளைதான் அச்சு. அதன்மேல் அம்மாவின் அலுமினியத் தாம்பாளம். ஊசி தாங்கும் கை, டிவி ஆன்டெனாக் குழாய். பெல்ட்டுக்குப் பதில் தையல் நூல். ஊசியைப் புதுச்சேரி ஞாயிறு சந்தையில் தேடிப் பிடித்தேன். மோட்டார்தான் இல்லை. பழைய டேப் ரெக்கார்டரில் இருந்து, வலப்பக்கம் சுற்றுவதாக ஒன்றைக் கண்டக்டர் காத்தவராயன் அண்ணனிடம் கொடுத்தனுப்புங்கள்.

உங்கள்
மதி


சிதம்பரம்
9.2.2007

அன்பு மதிக்கு,

மோட்டாரைக் கண்டக்டரிடம் கொடுத்திருக்கிறேன். மெஸ் சாப்பாட்டில் வயிறு கெட்டுக் கிடக்கிறது. கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் உன்னைத்தான் கேட்கிறார்கள். ஆபரேஷன் என்றே சொல்லி வருகிறேன். "உங்க மாமியாருக்கு எத்தன கண்ணுப்பா?" என்று நேற்று ஒருவர் கேட்டுவிட்டார்.

மோட்டாரில் ஏதாவது கோளாறு என்றால் நேரில் எடுத்து வா. மாற்றித் தருகிறேன்.

செம்பியன்


செம்மண்டலம்
17.2.2007

அன்புள்ள மாமாவுக்கு,

மோட்டார் இடப்பக்கம் சுற்றுகிறது. அதன் முதுகிலேயே அப்படி எழுதியிருக்கிறது. உள்ளே சர்க்யூட் இருப்பதால் ஒயரை மாற்றிக் கொடுத்தாலும் திசை மாறாது. கையில் எடுக்கும் முன்பே அந்த எழுத்தைப் பார்க்கிறவர் நீங்கள். மாற்றிக்கொள்ள நான் வருவேன் என்றுதானே அனுப்பினீர்கள்? கோபம் வந்தது. கொஞ்சம் சிரிப்பும் வந்தது.

வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன். பிறகு மோட்டாரைத் தலைகீழாகக் கவிழ்த்து மாட்டினேன். கடிகாரத்தைப் பின்பக்கமிருந்து பார்க்க முடிந்தால் முள் எதிர்ப்பக்கம் போவதாகத் தெரியுமே, அதுபோல. தட்டு சரியாகச் சுற்றியது.

இசைத்தட்டில் இருந்தது பாட்டு இல்லை மாமா, பிரெஞ்சுப் பாடம். ஒருவர் ஏதோ கேட்டுவிட்டு, பதில் சொல்ல இடம் விட்டுக் காத்திருக்கிறார். அம்மா ஒவ்வொரு தடவையும் "தெரியலப்பா" என்கிறாள்.

நான் ஏன் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே கிளம்பி வருவதற்கு முன், கடையில் வாத்தியாரின் ரேடியோவை நான் பிரித்து ஈயம் வைத்துக்கொண்டிருந்தபோது அவர் படியேறி வந்தார். "உள்ள போ மதி. பொம்பள கை வச்சான்னு தெரிஞ்சா எவன் கடைக்கு வருவான்?" என்றீர்கள். நான் முடித்துக் கொடுத்த ரேடியோவை நீங்களே சரிசெய்ததாக அவரிடம் சொன்னதையும் உள்ளேயிருந்து கேட்டேன்.

உங்கள்மேல் வெறுப்பு ஒன்றும் இல்லை. 26ஆம் தேதி திங்கட்கிழமை, கடை திறந்திருக்கும் நேரத்தில் வருகிறேன். தெருவைப் பார்த்த உங்கள் மேசைக்கு எனக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். சரி என்று ஒரு வரி எழுதினால் போதும், பெட்டியோடு வந்துவிடுவேன்.

உங்கள்
மதி


சிதம்பரம்
21.2.2007

அன்பு மதிக்கு,

தெரிந்துதான் அனுப்பினேன். கவிழ்த்து மாட்டுவாய் என்று நினைக்கவில்லை. எனக்கே தோன்றியிருக்காது.

திங்கட்கிழமை வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை வா. கடை லீவு. பின்னறையைக் காலி செய்து நானே சுண்ணாம்பு அடித்துவிட்டேன். உனக்கென்று தனி மேசை, டியூப் லைட், ஃபேன். ரிப்பேருக்கு வருகிற ரேடியோ செட்டை எல்லாம் உன்னிடமே தருகிறேன். முன்னால் மட்டும் நான் இருந்துகொள்கிறேன். யார் செய்தது என்று ஊருக்கு எதற்குத் தெரிய வேண்டும்? நமக்குத் தெரிந்தால் போதாதா?

காத்திருக்கிறேன்.

செம்பியன்


செம்மண்டலம்
25.2.2007, ஞாயிறு

மாமாவுக்கு,

காலையில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். சிதம்பரம் பஸ்கள் வந்து போய்க்கொண்டிருந்தன. சுண்ணாம்பு உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது, கையெல்லாம் தடித்திருக்கும் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் நின்றால் ஏறிவிடுவேன் என்று பட்டது. வெயிலில் நடந்தே திரும்பினேன்.

நல்ல அறையாகத்தான் இருக்கும். எனக்கு வேண்டாம்.

திருப்பாதிரிப்புலியூரில் ஷமீனா என்று ஒரு அக்கா செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். சாயங்காலம் பிளேயரைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். கவிழ்ந்திருந்த மோட்டாரைக் குனிந்து பார்த்துவிட்டு, "நாளைக்கே வந்து ஒக்காரும்மா" என்றார். அவர் மேசையில் பாதி எனக்கு. தெருவைப் பார்த்த மேசை.

இனி எதுவும் கொடுத்தனுப்ப வேண்டாம். கடலூர் வந்தால் அந்தக் கடைக்கு வாருங்கள். நான் மேசைக்கு உள்பக்கம் உட்கார்ந்திருப்பேன். நீங்கள் வாடிக்கையாளர் நிற்கிற பக்கம் நிற்க வேண்டியிருக்கும். அங்கே நின்று, "இவ என் பொண்டாட்டி" என்று நாலு பேர் காதில் விழச் சொல்ல முடியுமென்றால் வாருங்கள்.

வெண்மதி