சூடு ஆறாத பொடி

பம்பாய்
14-6-1987

அன்புள்ள மச்சானுக்கு,

விஜயலட்சுமி எழுதுவது. இங்கே மழை பிடித்துக்கொண்டது. விடுதிக் கொடியில் போட்ட துணி காய்வேனா என்கிறது. வெள்ளிமலையில் உங்கள் பள்ளிக்கூடக் கூரையை இந்த வருடமாவது மாற்றினார்களா? போன மழைக்கு ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு வாய்ப்பாடு நடத்தியதாக எழுதியிருந்தீர்கள். அதைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைப் பெண் ஓடிவந்து பார்த்தாள்.

ஆனி 21-ஆம் தேதி நமக்குப் பரிசம் என்று மாமாவின் கடிதம் வந்தது. "தவறாமல் வரவும்" என்று எழுதி, காகிதம் கிழியுமளவுக்கு அடிக்கோடு போட்டிருக்கிறார். உங்களுக்கு அவர் அப்பா. எனக்கோ, அப்பா இல்லாத குறை தெரியாமல் பட்டம் வரைக்கும் படிக்க வைத்த தாய்மாமன். வராமல் இருப்பேனா? ரயிலுக்குப் பதிவு செய்துவிட்டேன்.

அப்படி என்னதான் ஆராய்ச்சி என்று கேட்டீர்கள். யுரேனியத்தின் ஆக்சைடு ஒன்று என்னிடம் இருக்கிறது, ஆரஞ்சு நிறப் பொடி. அதைச் சின்னக் கிண்ணத்தில் வைத்து, உலைக்குள் தராசில் தொங்கவிட்டு, ஹைட்ரஜன் வாயுவை அனுப்புவேன். வாயு பொடியிலுள்ள ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு நீராவியாகப் போய்விடும். பொடி பழுப்பாக மாறும், எடை குறையும். எந்தச் சூட்டில் எத்தனை வேகமாகக் குறைகிறது? அதுதான் என் ஆராய்ச்சி, அவ்வளவுதான். அணு உலைக்கு எரிபொருள் செய்கிறவர்களுக்கு அந்தக் கணக்கு வேண்டும்.

முதலில் கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காது. தராசு முள் அசையாது. நானும் அசையாமல் உட்கார்ந்திருப்பேன். பிறகு திடீரென்று விறுவிறுவென எடை இறங்கும் பாருங்கள், அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது!

அத்தைக்கும் என் அம்மாவுக்கும் என் அன்பைச் சொல்லவும்.

விஜி

வெள்ளிமலை
24-6-1987

அன்புள்ள விஜிக்கு,

கூரை மாற்றவில்லை. குடைதான் மாற்றியிருக்கிறேன்.

சனிக்கிழமை மலையிலிருந்து நம்மூர் கச்சிராயபாளையத்துக்கு இறங்கியபோது உன் கடிதத்தை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "பொடியக் காயவச்சி எடை பாக்கறதுக்கா பம்பாய் வரிக்கும் போவணும்? இங்க இன்னா, அடுப்பு இல்லியா, தராசு இல்லியா?" என்றார். அம்மாவுக்கு வேறு கவலை. "உலைகிட்ட ரொம்ப நிக்காத, கறுத்துடுவன்னு எழுதுடா" என்றாள். உன் அம்மா மட்டும் கடிதத்தை வாங்கி மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

அப்பா பரிசத்துக்கு ஊரையே அழைத்துவிட்டார். சங்கராபுரத்துக்குப் போய்ச் சேலை எடுத்து வந்திருக்கிறார். ஆரஞ்சு நிறம். உன் பொடி நிறமா என்று நீ வந்துதான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

எனக்கும் அந்தத் தராசு முள்ளின் கதிதான். வெளியே அசைவு தெரியாது.

இளஞ்செழியன்

பம்பாய்
4-7-1987

அன்புள்ள மச்சானுக்கு,

தந்தி கிடைத்திருக்கும். எந்த முகத்தோடு இதை எழுதுவது என்று தெரியவில்லை. நாளைக்குப் பரிசம், நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

ரயிலுக்குக் கிளம்ப வேண்டிய நாள். கடைசிக் கிண்ணம் உலையில் இருந்தது. இந்தப் பழுப்புப் பொடிக்கு ஒரு குணம் உண்டு. புதிதாக வந்ததும் அது காற்றுக்குப் பேயாய் அலையும். நன்றாக ஆறவிட்டு, அப்புறம் காற்றைத் துளித்துளியாக உள்ளே விட வேண்டும். விட்டு நிறுத்தி, விட்டு நிறுத்தி, அதற்குப் பழக்க வேண்டும். ஒரு முழுப் பகல் போகும். புதிதாக வருகிற மாணவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கிறவளே நான்தான்!

எனக்கோ ரயில் நினைப்பு. கை பொறுக்காமல் குழாயைத் திறந்துவிட்டேன். என் கண் முன்னாலேயே பொடி பீடி நுனியைப் போலக் கனன்றது. ஹைட்ரஜன் பிடுங்கியதையெல்லாம் காற்று ஒரே மூச்சில் திருப்பிக் கொடுத்துவிட்டது. கிண்ணத்தில் கருப்புப் பொடிதான் மிச்சம். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நடந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஒரே தடவையில் செய்த அந்தத் தொகுதிப் பொடியில் அதுதான் கடைசி. வேறு பொடி எடுத்து முடித்துவிடலாமே என்பீர்கள். முடியாது. எந்த உப்பிலிருந்து, எந்தச் சூட்டில் தன்னைச் செய்தார்கள் என்பதைப் பொடி மறப்பதில்லை. அதற்குத் தக்கபடி வேகமும் மாறும். புதுத் தொகுதி செய்து எல்லாச் சோதனையையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இப்போது விட்டுவிட்டு வந்தால் என் வழிகாட்டிப் பேராசிரியர் வேறு ஆளைப் போட்டுவிடுவார்.

மாமாவிடம் என்ன சொல்வீர்களோ தெரியாது. எனக்கு அழுகையாக வருகிறது.

விஜி

வெள்ளிமலை
15-7-1987

அன்புள்ள விஜிக்கு,

டாக்டர் பட்டம் வாங்கப் போகிறவளுக்குத் தந்தி எழுதத் தெரியவில்லையே! "உலையில் நெருப்பு. வர இயலவில்லை." இதைப் படித்தால் யாருக்குத்தான் ஈரக்குலை நடுங்காது? "நான் நலம்" என்று இரண்டு வார்த்தை சேர்த்தால் தந்திக் கம்பி அறுந்தா விழும்?

நடந்ததைக் கேள். பந்தல்காரர் கால் நட்டுக்கொண்டிருந்தார். தபால்காரர் படித்ததும் உன் அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார். அப்பா தெருவில் நின்று வாய்விட்டு அழுதார், விஜி. "எங்கக்கா பொண்ண நானே நெருப்புல தள்ளிட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் கள்ளக்குறிச்சிக்கு ஓடி, பம்பாய்க்கு டிரங்கால் போட்டு, உன் விடுதிக் காவலாளி "மேடம் சாப்பிடப் போயிருக்கிறார்" என்று சொன்ன பிறகுதான் எங்களுக்கு உயிர் வந்தது.

நீ சாப்பிடப் போன செய்தியை வந்து சொன்னேனா, அப்பாவுக்கு அப்போது வந்த கோபம் இன்னும் தணியவில்லை. பரிசம் நின்றதுகூட அவருக்குப் பெரிதில்லை. ஊர் பார்க்க அழுதுவிட்டாரே, அதுதான். "ஆவணியில கல்யாணம். பம்பாய ஒரேடியா வுட்டுட்டு வரச் சொல்லு. இல்லாங்காட்டி இந்தச் சம்பந்தம் வாணாம்" என்று சொல்லிவிட்டார்.

நீ விட்டுவிட்டு வர வேண்டாம். நான் சொல்கிறேன், முடித்துவிட்டு வா. அப்பாவை உன் பொடியைப் போலவே நடத்துவதாக இருக்கிறேன். இப்போது கொதிக்கிறார். ஆறட்டும். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று விடுகிறேன்.

இளஞ்செழியன்

பம்பாய்
9-8-1987

அன்புள்ள மச்சானுக்கு,

"முடித்துவிட்டு வா" என்று எழுதினீர்களே, அந்தக் கடிதத்தைத் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறேன்.

புதுத் தொகுதி நன்றாக அமைந்தது. மூன்று சூட்டில் ஓட்டிவிட்டேன். ஆனால் மாமா சொன்னது மனதில் கிடந்து அறுக்கிறது. படிப்பை விட்டால் அவர் எனக்காகப் பட்டதெல்லாம் வீண். விடாவிட்டால் அவரும் இல்லை, நீங்களும் இல்லை. இதில் எதை நான் தேர்ந்தெடுப்பது?

காற்று விடுகிற வேலை எப்படிப் போகிறது?

விஜி

வெள்ளிமலை
31-8-1987

அன்புள்ள விஜிக்கு,

முதல் சனிக்கிழமை உன் பெயரை மட்டும் சொன்னேன். எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். அடுத்த வாரம் உனக்குக் காய்ச்சல் வந்து சரியானதாகச் சொன்னேன் (மன்னித்துவிடு). போகாமல் நின்று, "மாத்திரை சாப்ட்டாளாமா?" என்றார். அதற்கு அடுத்த வாரம் கொஞ்சம் அதிகம் திறந்துவிட்டேன். ஆவணியில் நீ வர முடியாது என்றேன். பற்றிக்கொண்டது. சாப்பாட்டுத் தட்டு வாசல்வரை பறந்தது.

இப்போது அவர் வீடு தங்குவதே இல்லை. இட ஒதுக்கீடு கேட்டு அடுத்த மாதம் சாலை மறியலாம். சங்கத்துக்காரர்களோடு ஊர் ஊராகச் சுற்றுகிறார்.

ஆவணி போனால் போகட்டும். நான் வேறு யாரையும் கட்டுவதாக இல்லை. இதை அவரிடம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். பிறகுதான் தட்டு பறந்தது.

இளஞ்செழியன்

கச்சிராயபாளையம்
19-9-1987

அன்புள்ள மச்சானுக்கு,

நான் நலம். (முதல் வரியிலேயே எழுதிவிட்டேன், போதுமா?) நம் வீட்டில் இருக்கிறேன். மறியலில் பஸ் இல்லாததால் தபால் மலையேறாது. கடுக்காய் விற்க இறங்கி வந்த உங்கள் மலையூர்ப் பிச்சைமுத்து நடந்தே திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

சோதனை முடிந்துவிட்டது! எல்லாப் புள்ளிகளும் ஒரே கோட்டில் வந்து உட்கார்ந்தன. வழிகாட்டி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஊருக்குப் போய்விட்டு வந்து எழுதத் தொடங்கு" என்றார். மாமா காலில் விழுந்தாவது கேட்டுவிடுவது என்று கிளம்பிவிட்டேன்.

பதினேழாம் தேதி காலை சின்னசேலத்தில் இறங்கினால் பஸ் நிலையம் வெறிச்சென்று கிடக்கிறது. பையைத் தூக்கிக்கொண்டு நம்மூர்ப் பக்கம் நடக்கிறவர்களோடு நடந்தேன். வழியெல்லாம் மரத்தை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பாதி தூரம் வந்ததும் ஒரு பெரிய புளியமரம் சாலையை அடைத்துக் கிடந்தது. அதன்மேல் வரிசையாக ஆட்கள். நடுவில் யார் தெரியுமா? துண்டை முண்டாசு கட்டிக்கொண்டு உங்கள் அப்பா, பூமாலை மாமா! என்னை வரச் சொல்லி மூன்று மாதமாகப் பிடிவாதம் பிடித்தவர், நான் வருகிற வழியிலேயே மரத்தைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் குழாயைச் சட்டென்று திறந்தால் என்ன ஆகும் என்று பட்டவள் ஆயிற்றே. மரத்தின் நுனிப் பக்கமாக உட்கார்ந்தேன். மாமா பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துச் செம்பில் தண்ணீர் கை மாறிக் கை மாறி என்னிடம் வந்தது. அவர்தான் அனுப்பினார். குடித்துவிட்டு ஓர் ஆள் தள்ளி உட்கார்ந்தேன். அப்புறம் இன்னோர் ஆள். இப்படியே பக்கத்தில் வந்துவிட்டேன்.

"நடந்தா வந்த?" என்றார், என்னைப் பார்க்காமல்.

"ஆமாம் மாமா."

"காய்ச்சல் உட்டுச்சா?"

உங்கள் புளுகைக் காட்டிக்கொடுக்கவில்லை. விட்டுவிட்டது என்றேன். பிறகு, "எதுக்கு மாமா இப்பிடி வெயில்ல குந்திக்கினு இருக்கீங்க?" என்று கேட்டேன். சத்தியமாக வேறு எதையும் நினைத்துக் கேட்கவில்லை, மச்சான்.

"எதுக்கா? நம்ம புள்ளைங்க படிக்கத்தான். நாலு எழுத்து படிச்சி, பெரிய எடத்துல போயி..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றுவிட்டார். எல்லோரும் அவரையே பார்க்கிறார்கள். அவர் என்னையே பார்க்கிறார். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

 பிறகு முண்டாசை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "அந்தப் பொடி இன்னா ஆச்சி?" என்றார்.

சொன்னேன். ஆரஞ்சு, பழுப்பு, கருப்பு, தராசு, வாயு எல்லாம் சொன்னேன். மரத்தில் இருந்தவர்கள் நகர்ந்து நெருங்கி வந்துவிட்டார்கள். பொடி கனன்ற இடத்தில் ஒருவர், "அய்யய்யோ!" என்றார். புள்ளிகள் நேர்கோட்டில் வந்ததைச் சொன்னதும் மாமா எழுந்து நின்று, "கேட்டீங்களா? எங்கக்கா பொண்ணு. நான் படிக்கவச்ச பொண்ணு!" என்றார். திரும்பவும் ஊர் பார்க்க அழுதார். இந்த முறை அதற்காக யாரையும் கோபித்துக்கொள்ளவில்லை.

கல்யாணம் தை மாதம். "எழுதி முடிச்சாத்தான். முடிக்கலன்னா பங்குனி" என்கிறார். பங்குனியிலும் முடிக்கவில்லையென்றால்? "அவன் எங்க போயிடப் போறான், மலையிலயே கெடக்கட்டும்!"

என்னை ஆட்களோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். விழுப்புரம் பக்கம் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போய்விட்டதாக ரேடியோவில் கேட்டதிலிருந்து அத்தையும் அம்மாவும் வாசலை விட்டு வரவில்லை. சோறு கொண்டுபோன ஆள் இப்போதுதான் வந்து, இங்கே அமைதியாக இருக்கிறது, மாமா வெற்றிலை கேட்டார் என்று சொன்ன பிறகு எனக்குப் பேனா ஓடுகிறது.

ஆரஞ்சுச் சேலையைப் பார்த்தேன். பொடியின் நிறமேதான். கட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். இதுவரை எந்தக் கடிதத்திலும் எழுதாததையும் எழுதிவிடுகிறேன். உங்களைப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது. எனக்காகத் தட்டு பறந்த வீட்டில் நீங்கள் இல்லாமல் நான் மட்டும் உட்கார்ந்து சாப்பிடுவது நன்றாக இல்லை.

சாலை திறக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். பிச்சைமுத்து நடக்கிற வழி உங்களுக்கும் வழிதானே? கொஞ்சம் கொஞ்சமாக என்பதெல்லாம் மாமாவுக்கு. நீங்கள் ஒரே மூச்சில் வாருங்கள்.

உங்கள்
விஜி